கில்லட்டின் விழும் மாலை

பிப்ரவரி முதல் தேதி நம் வீடுகளில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். காலை பதினொரு மணிக்கு நிதியமைச்சர் எழுந்து நின்றதும் தொலைக்காட்சியின் ஒலி கூடும். வருமான வரி வரம்பு ஏறியதா, தங்கத்தின் சுங்கவரி இறங்கியதா, உரையில் குறள் வந்ததா, தமிழ்நாட்டின் பெயர் வந்ததா என்று மதியம் வரை பேச்சு ஓடும். மறுநாள் நாளிதழில் ஒரு ரூபாய் நாணயத்தைத் துண்டு போட்டு, வரவு எங்கிருந்து, செலவு எங்கே என்று படம் வரும். அதற்கடுத்த நாள் எல்லாம் பழைய பேப்பர். நிதியமைச்சர் அன்று வாசித்தது வெறும் கோரிக்கைதான், அந்தப் பணத்தைத் தொட அவருக்கு இன்னும் உரிமை கிடைக்கவில்லை, அதற்குத் தனியாக ஒரு சட்டம் வேண்டும் என்பது யாருடைய பேச்சிலும் வருவதில்லை. அந்தச் சட்டம் மார்ச் மாதக் கடைசியில் ஏதோ ஒரு மாலையில் நிறைவேறும். செய்தித்தாளின் உள்பக்கத்தில் ஒற்றைப் பத்தியாக வந்துவிட்டுப் போகும்.

2023 மார்ச் 23 அப்படியொரு மாலை. நாடாளுமன்றத் தொலைக்காட்சியைத் தற்செயலாகத்தான் வைத்தேன். அந்தக் கூட்டத்தொடரின் பிற்பகுதி முழுவதும் அமளியிலேயே போய்க்கொண்டிருந்தது. அதானி விவகாரத்தை நாடாளுமன்றக் கூட்டுக்குழு விசாரிக்க வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கத்தின. வெளிநாட்டில் பேசிய பேச்சுக்கு ராகுல் காந்தி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஆளுங்கட்சியும் பதிலுக்குக் கத்தியது. ஆளுங்கட்சி உறுப்பினர்களே எழுந்து நின்று கோஷம் போடுவதை நாம் அடிக்கடி பார்ப்பதில்லை. அன்றுதான் சூரத் நீதிமன்றம் ராகுலுக்கு இரண்டாண்டு சிறைத் தண்டனை விதித்திருந்தது. செய்தி அலைவரிசைகள் அத்தனையும் அங்கே குவிந்திருந்தன. இந்தச் சத்தத்துக்கு நடுவே, சுமார் 45 லட்சம் கோடி ரூபாய்ச் செலவுத் திட்டம் விவாதம் ஏதுமின்றிக் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானங்கள் மொத்தமாகத் தள்ளுபடி. அமைச்சகங்கள் பணம் கேட்டு வைத்த நூற்றுச் சொச்சம் மானியக் கோரிக்கைகள் மொத்தமாக ஏற்பு. அதன் மேல், அந்தப் பணத்தை எடுக்க உரிமை தரும் நிதி ஒதுக்க மசோதா அறிமுகம், பரிசீலனை, நிறைவேற்றம். ஒலியைக் கூட்டுவதா குறைப்பதா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது போலிருந்தது.

இதை நாடாளுமன்றத்தார் கில்லட்டின் என்று சொல்வார்கள். குறித்த நாளில் குறித்த நேரம் வந்ததும் விவாதத்தின் கழுத்தை வெட்டிவிட்டு, மிச்சமிருக்கும் எல்லாக் கோரிக்கைகளையும் ஒரே மூச்சில் வாக்கெடுப்புக்கு விடுவது. இது விதிமீறல் இல்லை, விதியே இதுதான். எல்லா அமைச்சகங்களின் செலவையும் பேசித் தீர்க்க நேரமிராது என்பதால், வருடந்தோறும் ஒருசில அமைச்சகங்களை மட்டும் விவாதத்துக்கென்று எடுத்துக்கொள்வார்கள். மற்றவை கத்திக்கு. 2023இல் அந்த ஒருசில அமைச்சகங்களுக்குக்கூட முறை வரவில்லை. 2018இலும் இதே கதைதான்.

அந்த எரிச்சல் யாருக்கும் வரக்கூடியது. ‘சம்பளம் வாங்கிக்கொண்டு கத்துகிறார்கள்’ என்று திட்டிவிட்டுத் தொலைக்காட்சியை அணைத்துவிடலாம். ஆனால் அணைத்த பிறகும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. சரி, அமளியே இல்லை என்று வைத்துக்கொள்வோம். நான்கு நாள், எட்டு நாள், ஆளுக்கு அரை மணி நேரம் என்று எல்லோரும் புள்ளிவிவரத்தோடு பேசினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அந்த 45 லட்சம் கோடியில் ஒரே ஒரு ரூபாய் இடம் மாறியிருக்குமா?

மாறியிருக்காது. இதுதான் அமளியைவிட எனக்குப் பெரிய தொந்தரவாக இருக்கிறது.

கருவூலத்து மார்ச்

என் சித்தப்பா ஒரு சார்நிலைக் கருவூலத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் மார்ச் மாதக் கல்யாணங்களுக்கு அவர் வந்ததே கிடையாது. பங்குனியில் முகூர்த்தம் வைத்தால் ‘அவரை எதிர்பார்க்காதீர்கள்’ என்று சித்தி முன்கூட்டியே சொல்லிவிடுவார். பள்ளிக்கூட நாட்களில் ஒரு மார்ச் முடிவில் அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போயிருக்கிறேன். தாழ்வாரம் முழுக்க ஆட்கள். கையில் பட்டியல் கட்டுகளோடு பள்ளிக்கல்வித் துறை, பொதுப்பணித் துறை, கால்நடை மருந்தகம் என்று ஒவ்வொரு துறையின் எழுத்தரும் டோக்கனுக்கு நிற்கிறார்கள். சித்தப்பா மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒரு பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏதோ நாற்காலி மேசை வாங்கிய பட்டியல், நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய். கணக்குத் தலைப்பில் ஓர் எண் மாறியிருந்தது. ஆட்சேபணைச் சீட்டை எழுதி இணைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கொண்டுவந்தவர் வயதானவர். ‘இன்றைக்கு விட்டால் போய்விடும் சார், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்’ என்று கெஞ்சினார். ‘திருத்திக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள், ராத்திரி எத்தனை மணியானாலும் இருக்கிறேன்’ என்றார் சித்தப்பா. அதற்கு மேல் ஓர் அங்குலம் இறங்கவில்லை.

அன்றைக்கு அவர் மேல் எனக்குக் கோபம். பிற்பாடு ஒருமுறை அதைப் பற்றிக் கேட்டபோது சொன்னார்: “அது என் பணமும் இல்லையடா, கலெக்டர் பணமும் இல்லை. எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று சட்டசபை கொடுத்திருக்கிறதோ, அந்தத் தலைப்பில் அவ்வளவுதான் எடுக்கலாம். மார்ச் 31 தாண்டினால் அதுவும் கிடையாது.”

அவர் சொன்னது அரசமைப்புச் சட்டத்தின் 266ஆவது கூறு. அரசின் வரவெல்லாம் சேரும் தொகுப்பு நிதியிலிருந்து சட்டப்படியன்றி ஒரு காசும் எடுக்கக் கூடாது. மத்திய அரசுக்கு 114, மாநிலத்துக்கு 204 ஆகிய கூறுகளின்படி நிறைவேறும் நிதி ஒதுக்கச் சட்டமே அந்தச் சட்டம். ஓராண்டுக்குத்தான் அதற்கு உயிர். ஏப்ரல் முதல் தேதி விடிந்தால் முந்தைய ஆண்டின் அனுமதி செத்துப்போகும். செலவாகாத தொகை காலாவதி. மார்ச்சில் அரசு அலுவலகங்கள் அவசர அவசரமாக வாங்கிக் குவிப்பதற்கும், நம் தெருவில் திடீரென்று தார் கொதிப்பதற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

நாலாயிரம் ரூபாய்ப் பட்டியலில் ஓர் எண் மாறியதற்காக ஒரு முதியவரை ராத்திரி வரை அலையவிட்ட கறாரும், லட்சம் கோடிகளைக் கண்ணை மூடிக்கொண்டு அனுமதித்த அந்த மாலையும் ஒரே சட்டத்தின் இரண்டு முனைகள். கீழே போகப் போக இறுக்கம். மேலே ஏற ஏறத் தளர்ச்சி. தலைகீழாக இருக்கிறதே என்பதுதான் என் உறுத்தல்.

அந்த மசோதாவை வாசித்தால்

ஆர்வமுள்ளவர்கள் நிதி ஒதுக்கச் சட்டம் ஒன்றை எடுத்து வாசித்துப் பார்க்கலாம். இவ்வளவு பெரிய தொகைக்கான சட்டம் இவ்வளவு சிறியதா என்று தோன்றும். பெயர் ஒரு பிரிவு. இன்ன தொகையைத் தொகுப்பு நிதியிலிருந்து எடுக்கலாம் என்று ஒரு பிரிவு. எடுத்ததை அட்டவணையில் கண்ட பணிகளுக்கே செலவிட வேண்டும் என்று ஒரு பிரிவு. மற்றதெல்லாம் அட்டவணைதான். கோரிக்கை எண், துறையின் பெயர், அதன்பின் மூன்று பத்திகளில் தொகை: அவை வாக்களித்தது, தொகுப்பு நிதியின் மேல் சார்த்தப்பட்டது, இரண்டும் சேர்ந்தது.

நடுப்பத்தி கவனிக்க வேண்டியது. குடியரசுத் தலைவரின் ஊதியம், உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் ஊதியம், அரசு வாங்கிய கடனுக்கான வட்டி போன்றவை சார்த்தப்பட்ட செலவுகள். அவற்றைப் பற்றிப் பேசலாம், வாக்களிக்க முடியாது. நீதிபதியின் சம்பளத்தை வெட்டிவிடுவோம் என்று அவை மிரட்டக் கூடாது என்பது புரிகிறது. ஆனால் 2023–24 பட்ஜெட்டில் வட்டி மட்டுமே ஏறக்குறைய 10.8 லட்சம் கோடி ரூபாய். மொத்தச் செலவில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு, வாக்கெடுப்பின் எல்லைக்கே வராமல் போய்விடுகிறது.

இந்தச் சட்டத்தில் குறிக்கப்படும் தொகை பட்ஜெட் தொகையைவிடப் பெரிதாகவும் இருக்கும். 2018 மார்ச் 14 அன்று மக்களவை அரை மணி நேரத்தில் அனுமதித்தது 89.25 லட்சம் கோடி ரூபாய் என்று செய்தி வந்தபோது பலர் குழம்பினார்கள். அந்த ஆண்டின் பட்ஜெட்டே 24.42 லட்சம் கோடிதானே? பழைய கடனை அடைத்துப் புதிய கடன் வாங்கும் புரட்டலும் கணக்கில் முழுமையாக ஏறுவதால் வந்த வித்தியாசம் அது. இதை ஓர் உறுப்பினர் எழுந்து கேட்டு, அமைச்சர் விளக்கியிருந்தால் நாட்டுக்கும் விளங்கியிருக்கும். அதே நாளில் நிறைவேறிய நிதி மசோதா வேறு சங்கதி. அது வரி சம்பந்தப்பட்டது. அரசியல் கட்சிகள் பெற்ற வெளிநாட்டு நன்கொடை குறித்த சட்டத்தை 1976 முதல் முன்தேதியிட்டுத் தளர்த்தும் திருத்தம் ஒன்று அதற்குள் இருந்தது. அதற்கும் விவாதம் கிடையாது. இரண்டு பெரிய தேசியக் கட்சிகளுக்கும் அந்தத் திருத்தத்தால் ஆதாயம் என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்ளலாம்.

ஒரு ரூபாய் வெட்டு

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். விவாதமே நடந்தாலும் ஏன் ஒரு ரூபாய்கூட இடம் மாறாது?

113ஆவது கூறு மக்களவைக்கு மூன்று வழிகளைத்தான் தருகிறது. மானியக் கோரிக்கையை ஏற்கலாம், மறுக்கலாம், அல்லது தொகையைக் குறைத்து ஏற்கலாம். கூட்ட முடியாது. பாதுகாப்பில் குறைத்து அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடு என்று சொல்ல முடியாது. குடியரசுத் தலைவரின் பரிந்துரையோடு, அதாவது அமைச்சரவையின் விருப்பத்தோடு, வருகிற கோரிக்கைக்குத்தான் வாக்கு. கோரிக்கைகள் தாண்டி மசோதாவாக வந்த பிறகு தொகையையோ அது போகும் இடத்தையோ மாற்றும் எந்தத் திருத்தத்துக்கும் இடமில்லை என்று 114 கதவைச் சாத்துகிறது. மாநிலங்களவையைப் பற்றிப் பேசவே வேண்டாம். பதினான்கு நாள் வைத்திருந்து திருப்பி அனுப்பலாம், அவ்வளவே. ‘எம்.பி.யிடம் சொல்லி நம் ஊர்ப் பாலத்துக்குப் பணம் ஒதுக்கச் சொல்லுங்கள்’ என்று யாராவது சொல்லும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். தொகுதி மேம்பாட்டு நிதி தவிர, அந்த எம்.பி.யால் சட்டப்படி செய்யக்கூடியது வெட்டுவது மட்டும்தான்.

வெட்டுவதில் மூன்று வகை. கொள்கையே பிடிக்கவில்லை என்றால் ‘இந்தக் கோரிக்கையை ஒரு ரூபாயாகக் குறைக்கவும்’ என்று தீர்மானம் கொடுக்க வேண்டும். வீண்செலவு என்றால் இன்ன தொகையைக் குறை என்று கேட்கலாம். குறிப்பிட்ட ஒரு குறையைப் பேச வேண்டுமென்றால் ‘நூறு ரூபாய் குறைக்கவும்’. பல்லாயிரம் கோடிக் கோரிக்கையில் நூறு ரூபாய்! எங்கோ ஒரு ரயில் நிலையத்தில் நடைமேடை தாழ்வாக இருக்கிறது என்று சொல்ல இந்த நூறு ரூபாய்தான் வழி. கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கும். பணத்தைக் கொடுக்கும் முன் குறையைக் கேள் என்ற பழைய நியாயம் அதில் இருக்கிறது.

சிக்கல், வெட்டுத் தீர்மானம் தப்பித்தவறி ஜெயித்துவிட்டால் வருகிறது. அது ஒரு ரூபாயோ நூறு ரூபாயோ, பணம் தர அவை மறுத்துவிட்டது, ஆகவே அரசின் மீது நம்பிக்கை போய்விட்டது என்று பொருள்படும். அரசு விலக வேண்டும் என்பது மரபு. கொசுவை அடிக்கப் பீரங்கியைக் கையில் கொடுத்துவிட்டு, ‘தாராளமாக அடி, ஆனால் வீடு இடியும்’ என்று சொன்னால் யார் அடிப்பார்கள்?

இதை நான் வெறும் சட்டப் புத்தக வாதமாக நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் 2010 ஏப்ரல் 27 கண்ணில் பட்டது. எரிபொருள் விலையும் உர விலையும் ஏறியிருந்த நேரம். மன்மோகன் சிங் அரசின் நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி. அன்று இடதுசாரிகள் உட்பட எதிர்க்கட்சிகள் சேர்ந்து நாடு முழுவதும் கடையடைப்புக்கு அழைப்பு விடுத்திருந்தன. அவைக்குள்ளே பாரதிய ஜனதாவும் இடதுசாரிகளும் வெட்டுத் தீர்மானங்கள் கொடுத்திருந்தார்கள். கூட்டணி அரசின் பெரும்பான்மை மெல்லியது. ஓர் அரசு வெட்டுத் தீர்மானத்தில் கவிழ்ந்துவிடுமோ என்ற கேள்வி நெடுநாளைக்குப் பிறகு நிஜமாகவே எழுந்தது. பிறகு நடந்ததைப் பாருங்கள். உத்தரப் பிரதேசத்தில் காங்கிரசை அன்றாடம் வசைபாடிக்கொண்டிருந்த மாயாவதியின் கட்சி அரசுக்கு ஆதரவாக வாக்களித்தது. முலாயம் சிங், லாலு கட்சிகள் வெளிநடப்புச் செய்தன. விலை உயர்வை எதிர்த்துக் காலையில் வீதியில் நின்றவர்கள், வாக்களிக்கும் நேரத்தில் அவையில் இல்லை. புலனாய்வு அமைப்பைக் காட்டி மிரட்டினார்கள் என்று பாரதிய ஜனதா குற்றம் சாட்டியது. அரசு 289க்கு 201 என்று பிழைத்துக்கொண்டது.

இதில் உச்சம் ஜார்க்கண்டில் நடந்தது. அங்கே பாரதிய ஜனதாவின் ஆதரவோடு முதலமைச்சராக இருந்தவர் சிபு சோரன். அப்போதும் அவர் மக்களவை உறுப்பினர். தில்லிக்கு வந்தவர், வெட்டுத் தீர்மானத்தில் காங்கிரஸ் அரசின் பக்கம் வாக்களித்துவிட்டார். மறுநாளே பாரதிய ஜனதா ராஞ்சியில் ஆதரவை விலக்குவதாக அறிவித்தது. ஒரு மாத இழுபறிக்குப் பிறகு மே மாத இறுதியில் சோரன் பதவி விலகினார். பெட்ரோல் விலை பற்றிய வெட்டுத் தீர்மானத்தால் பெட்ரோல் விலையில் ஒரு பைசாவும் குறையவில்லை. தில்லி அரசும் கவிழவில்லை. கவிழ்ந்தது ராஞ்சி அரசு.

இந்தச் சம்பவத்தை வாசித்த பிறகு என் கேள்வியே வேறாகிவிட்டது. அன்று அவையில் இருந்தவர்கள் முன்னால் வைக்கப்பட்டது ‘உரத்துக்கு எவ்வளவு செலவிடலாம்’ என்ற கேள்வியே அல்ல. ‘இந்த அரசு இருக்கலாமா, போகலாமா’ என்பதுதான். எந்த மானியக் கோரிக்கையை எடுத்தாலும் வாக்கெடுப்பு நேரத்தில் அது இந்த ஒரே கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது. அதற்கு விடை தேர்தல் முடிந்த அன்றே எல்லோருக்கும் தெரியும். 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் இதை இன்னும் இறுக்கிவிட்டது. இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்சி போடும் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகும். விடை தெரிந்த கணக்கை எட்டு நாள் போட்டுக் காட்ட எந்த உறுப்பினருக்கு ஊக்கம் வரும்? 2023இல் கோஷம் போட்டவர்களை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அவர்களுடைய அலட்சியம் எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது.

இதற்கு மறுபக்கம் 1999. ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு ஒரே ஓட்டில் கவிழ்ந்தது, 269க்கு 270. ஜெயலலிதா ஆதரவை விலக்கியதில் தொடங்கிய கதை என்பதால் அது நமக்கு மறக்காது. நாம் மறந்துவிட்டது அடுத்து நடந்ததை. அந்த அரசு வேண்டாம் என்று வாக்களித்த அதே மக்களவை, சில நாட்களுக்குள் அதே அரசின் பட்ஜெட்டை விவாதமின்றி நிறைவேற்றிக் கொடுத்துவிட்டுத்தான் கலைந்தது. வேறு வழியில்லை. பணம் நின்றால் ராணுவத்துக்குச் சம்பளம் கிடையாது, ஓய்வூதியம் கிடையாது. அமெரிக்காவில் இப்படிப் பணத்தை நிறுத்திவைத்து அரசு அலுவலகங்களை மூடிவிடுகிறார்கள். 2018 டிசம்பரில் தொடங்கி 35 நாள், 2025 அக்டோபரில் தொடங்கி 43 நாள். அங்கே மக்கள் சபைதான் செலவு மசோதாக்களை எழுதுகிறது, கூட்டுகிறது, குறைக்கிறது. அந்த அதிகாரத்தின் விலை அது. நம் ஏற்பாட்டில் அந்த ஆபத்து இல்லை. அதற்குப் பதிலாக நாம் கொடுப்பது மௌனம்.

நம் சட்டமன்றங்கள் பணத்தை மறுத்ததே இல்லையா என்றால், ஒருகாலத்தில் மறுத்திருக்கின்றன. 1924 மார்ச்சில் தில்லியில் மத்திய சட்டசபை, மோதிலால் நேருவின் சுயராஜ்யக் கட்சி முன்னின்று, முதல் நான்கு மானியக் கோரிக்கைகளை நிராகரித்தது. நிதி மசோதாவையும் நிராகரித்தது. வைஸ்ராய் ரீடிங் பிரபு தன் தனி அதிகாரத்தால் எல்லாவற்றையும் மீட்டுக்கொண்டார் என்பது வேறு. மறுத்தாலும் ஒன்றும் இடிந்துவிழாது என்று தெரிந்ததால் துணிந்து மறுத்தார்கள் என்றும் சொல்லலாம். எப்படியிருந்தாலும், நாட்டின் குறைகளைக் கேட்காமல் பணம் கிடையாது என்று அந்த அவை ஒருமுறையாவது சொல்லியிருக்கிறது.

மூடிய அறையும் திறந்த அவையும்

முழுக்கப் பொய்க் கணக்கு என்று சொன்னால் அநியாயம். 1993 முதல் துறைவாரி நிலைக்குழுக்கள் இருக்கின்றன. பட்ஜெட் உரைக்குப் பிறகு நாடாளுமன்றம் சில வாரம் ஒத்திவைக்கப்படும்போது, இந்தக் குழுக்கள் ஒவ்வொரு அமைச்சகத்தின் செயலரையும் உட்காரவைத்துக் கேள்வி கேட்கின்றன. சென்ற ஆண்டு வாங்கியதில் ஏன் இவ்வளவுதான் செலவாகியிருக்கிறது, கேட்டதில் பாதியைத்தானே நிதியமைச்சகம் கொடுத்திருக்கிறது, மீதித் திட்டம் என்ன ஆகும் என்று அறிக்கைகளில் வருகிற கேள்விகள் பல நேரம் கூர்மையானவை. கேமரா இல்லாத அறையில் எல்லாக் கட்சி உறுப்பினர்களும் அறிவோடு பேசுகிறார்கள். ஆனால் அந்த அறிக்கை யாரையும் கட்டுப்படுத்தாது. அதை மேசைமேல் வைத்த கொஞ்ச நாளில் கில்லட்டின் விழுந்துவிடும். நேரமும் இப்போது சுருங்கிவிட்டது. 2017 முதல் பட்ஜெட்டைப் பிப்ரவரி முதல் தேதிக்கு முன்தள்ளினார்கள். ஏப்ரல் ஒன்று அன்றே துறைகளின் கைக்குப் பணம் போக வேண்டும் என்பது நல்ல நோக்கம்தான். முன்பெல்லாம் சில மாதச் செலவுக்கு மட்டும் முன்பண அனுமதி ஒன்றை வாங்கிக்கொண்டு மே மாதம் வரை விவாதித்தார்கள். 2010இன் அந்த வாக்கெடுப்பு ஏப்ரல் கடைசியில் நடந்ததும் அதனால்தான். இப்போது மார்ச்சுக்குள் முடித்தாக வேண்டும்.

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தை இந்த விஷயத்தில் தில்லியைவிட மேல் என்றே சொல்வேன். ஐம்பதுக்கும் மேற்பட்ட மானியக் கோரிக்கைகள். 22 என்றால் காவல், 43 என்றால் பள்ளிக்கல்வி என்று நாள் குறித்து, வாரக்கணக்கில் துறை துறையாக எடுக்கிறார்கள். ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடுகிறது. அரசு இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்து வாசிக்கலாம். நான் கதைப் புத்தகத்தைப் போல வாசிப்பேன். ஆனால் அந்த நாட்களின் பேச்சு எப்படிப் போகும் என்பதும் நமக்குத் தெரியும். கட்சித் தலைவருக்கு ஒரு கவிதை, எதிர் வரிசைக்கு ஒரு குத்தல், தன் தொகுதிக்கு ஒரு பேருந்து நிலையம் அல்லது தடுப்பணை. கடைசியில் அமைச்சர் பதிலுரையில் அறிவிப்புகளை அடுக்குவார். மறுநாள் தலைப்புச் செய்தி அதுதான். முதலமைச்சர்கள் 110 விதியின் கீழ் வாசிக்கும் அறிக்கைகளுக்கோ விவாதமே கிடையாது. அவற்றின் மேல் நடக்கும் கைதட்டலைத்தான் பார்த்திருக்கிறோம். கோரிக்கையில் கேட்ட பணத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கேட்காத புதுத் திட்டத்துக்குத்தான் ஆரவாரம். பிறகு “ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க.” நாடாளுமன்றத்தில் இருப்பதுபோல் துறைவாரிக் குழுக்களும் இங்கே கிடையாது. பக்கத்துக் கேரளத்தில் இருக்கின்றன. இருந்திருந்தால் அந்தக் கொள்கை விளக்கக் குறிப்புகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்து கேட்க எவ்வளவோ இருக்கிறது.

என்னைக் கேட்டால், வேண்டியது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. ஒரு துறைக்குள்ளேயே, மொத்தத் தொகை மாறாமல், ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்கு இவ்வளவு மாற்றலாம் என்று நிலைக்குழு பரிந்துரைத்தால், அதைக் கொறடா உத்தரவு இல்லாமல் வாக்கெடுப்புக்கு விடலாம். தோற்றாலும் ஜெயித்தாலும் அரசுக்கு ஒன்றும் ஆகாது என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். இதற்கு அரசமைப்புச் சட்டத்தையும் விதிகளையும் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கும் என்பது தெரிகிறது. எந்த ஆளுங்கட்சியும் இதைத் தானாகக் கொடுக்காது என்பதும் தெரிகிறது. எதிர்க்கட்சிகளும் கேட்பதில்லை, நாளை தாங்கள் அந்த வரிசையில் உட்காரும்போது இடைஞ்சல் ஆகிவிடுமே.

இன்னொன்று பாக்கியிருக்கிறது. சட்டம் அனுமதித்ததைவிட அதிகமாக ஒரு துறை செலவழித்துவிட்டால் என்ன ஆகும்? கணக்குத் தணிக்கையர் அதைக் கண்டுபிடித்து அறிக்கையில் எழுதுவார். பொதுக் கணக்குக் குழு காரணம் கேட்கும். துறை விளக்கம் கொடுக்கும். ஆண்டுகள் ஓடும். பிறகு 115ஆவது கூறின்படி, மாநிலமானால் 205இன்படி, மிகைச் செலவுக்கான கோரிக்கை அவைக்கு வரும். அதன்மேல் இன்னொரு நிதி ஒதுக்க மசோதா, எப்போதோ செலவழித்துத் தீர்ந்த பணத்துக்கு அனுமதி கேட்டு. சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். ‘அப்படியானால் அந்த வருடத்துக் கணக்குத் தலைப்பிலேயே காட்டுவார்களா?’ என்பதுதான் அவருடைய முதல் சந்தேகம். ஆம் என்றேன். அந்த மசோதா எவ்வளவு நேரத்தில் நிறைவேறும் என்று அவர் கேட்கவில்லை.